உம்மும்மாவின் முற்றத்துப் புல்

எங்கள் வீட்டின் பின்முற்றம் 12 அடி நீளம், 9 அடி அகலம். தெல்தெனியவில் மேட்டு நிலத்தில் வீடு கட்டியவர்களுக்கு இந்த அளவு முற்றம் கிடைப்பதே பெரிய காரியம். மலையைச் சீவித்தான் வீட்டுக்கு இடம் எடுக்க வேண்டும். சீவிய பக்கம் சரிந்து விடாமல் கருங்கல் மதில் எழுப்ப வேண்டும். எங்கள் மதில் ஏறக்குறையக் கூரையளவு உயரம். அதனால் பின்முற்றத்தில் நண்பகலை ஒட்டி ஒரு மணித்தியாலம் மட்டுமே வெயில் விழும். மற்ற நேரமெல்லாம் நிழல்தான்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது வாப்பா அங்கே மலேசியன் புல்லைச் சதுரம் சதுரமாக வாங்கிப் பதித்தார். இரண்டு மாதம் பச்சையாக இருந்தது. ஒக்டோபர் மழை தொடங்கியதும் மஞ்சளாகி, வேரோடு அழுகி, சேறாகி விட்டது. சேற்றோடு அட்டையும் வந்தது. உம்மா உடுப்புக் காயப்போடப் போனால் திரும்பி வந்து காலைத்தான் முதலில் பார்ப்பார். பொறுக்க முடியாமல் வாப்பா சீமெந்து போட்டார். சேறு போயிற்று. அடுத்த மழைக்குச் சீமெந்தில் பாசி பிடித்தது. தேய்ப்போம், திரும்ப வரும். தேய்ப்போம், திரும்ப வரும்.

சென்ற வருடம் நவம்பரில் அந்தப் பாசியில்தான் உம்மும்மா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கையில் ஒரு வோக்கரும், ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும் என்ற புத்திமதியும் இருந்தன. உம்மும்மா நடந்தார். கட்டிலில் இருந்து குளியலறைக்கு, குளியலறையில் இருந்து கட்டிலுக்கு. அதற்கு மேல் ஓர் அடி வைக்க மாட்டார். பின்கதவைத் திறந்தால் முகத்தைத் திருப்பிக் கொள்வார். முன்பக்கம் இறங்கலாம் என்றால் அங்கே பதினாறு படிகள். விழுவதற்கு முன் அஸர் தொழுத கையோடு பின்முற்றத்தில் கதிரை போட்டு உட்காருகின்ற மனுஷி அவர். ஜனவரி முடியும்போது கால்கள் மெலிந்து, பேச்சும் குறைந்து விட்டது. உம்மா இரவில் அழுவது எனக்குக் கேட்கும்.

அப்போதுதான் கட்டாரில் இருக்கும் மாமா வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். செயற்கைப் புல் விரித்த ஒரு சின்ன முற்றம். "உம்மாக்கு இத போட்டுக் குடுப்பம். காசு நான் அனுப்புறன்."

நான் வேண்டாம் என்றேன். நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறவள். பிளாஸ்டிக்குக்கு எதிராகக் கல்லூரி மேடையில் பேசிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். பக்கத்தில் நக்கிள்ஸ் மலை, கீழே விக்டோரியா நீர்த்தேக்கம், பார்க்கும் இடமெல்லாம் பச்சை. இந்த ஊரில் பிளாஸ்டிக் புல்லா? தோழிகள் வீட்டுக்கு வந்தால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணமும் இருந்தது. அதை மறைத்து என்ன பயன்?

மாமா கோபப்படவில்லை. "நீ ஒளித்தொகுப்பு படிக்கிற புள்ளதானே மகள். அந்த மூலைக்குள்ள எந்தப் புல்லு வளரும் எண்டு சொல்லு. அதையே வாங்குவம்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ஒளி இல்லாத இடத்தில் புல் தன் உணவைத் தயாரிக்க முடியாது என்பதைப் பத்தாம் தரத்திலேயே எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன்.

பதில் தேடித்தான் இதைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். செயற்கைப் புல்லின் கதையே வெளிச்சக் குறைவில் தொடங்குகிறது. 1965இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் அஸ்ட்ரோடோம் என்ற, கூரை மூடிய பெரிய விளையாட்டரங்கைத் திறந்தார்கள். கூரையில் ஒளி புகும் தகடுகள், கீழே உண்மையான புல். பேஸ்போல் ஆடியவர்கள் உயரப் பறந்த பந்தைப் பிடிக்க அண்ணாந்து பார்த்தபோது கண் கூசியது, பந்து தெரியவில்லை. தகடுகளுக்கு வர்ணம் பூசினார்கள். கூச்சம் தீர்ந்தது, புல் செத்தது. அடுத்த வருடம் நைலோன் புல் விரித்தார்கள். அஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அந்த அரங்கிலிருந்து வந்ததுதான். அதற்கும் முன்பே, நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட மண்தரை இல்லையே என்ற கவலையில் இதை உருவாக்க ஊக்கம் கொடுத்திருக்கிறார்கள். 1964இல் ஒரு பள்ளிக்கூடத்தில்தான் முதலில் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அழகுக்காகச் செய்த பொருள் என்றே நான் நினைத்திருந்தேன்.

பெப்ரவரியில் பாஸ் ஒருவர் வந்தார். முதலில் சீமெந்தைக் கம்பி பிரஷால் தேய்த்து, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் காய வைத்தார். தண்ணீர் கானுக்கு ஓடும்படி சரிவு சரியாக இருக்கிறதா என்று ஒரு வாளி நீரை ஊற்றிப் பார்த்தார். புல் சுருளாக வருகிறது. அகலம் 2 மீற்றர்தான், ஆகவே எங்கள் 9 அடிக்கு ஒரு பொருத்து வைக்க வேண்டியதாயிற்று. இரண்டு துண்டிலும் இழைகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டுமாம். மாற்றி வைத்தால் இரண்டு நிறமாகத் தெரியுமாம். அடிப்பக்கத்தில் நீர் இறங்கத் துளைகள் இருந்தன.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும், வீட்டில் முதியவர்கள் உள்ளவர்களுக்கு உதவும். உம்மாவுக்கு 40 மில்லிமீற்றர் உயரமான புல்தான் பிடித்திருந்தது. பார்வைக்கு அதுதான் நிஜம் போல. ஆனால் மாதிரித் துண்டின் மேல் உம்மும்மாவின் வோக்கரை வைத்துப் பார்த்தபோது அதன் றப்பர்க் கால்கள் புதைந்து, சட்டம் ஆடியது. 10 மில்லிமீற்றர் புல்லில் ஆடவில்லை. அது கம்பளம் போலத்தான் இருக்கும், புல் என்று யாரையும் ஏமாற்றாது. ஆனாலும் அதையே எடுத்தோம். விலையும் குறைவு.

உம்மும்மா கதவு நிலையில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு, "இதுக்கும் தண்ணி ஊத்தோணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். மூன்று மாதத்தில் அவர் சொன்ன முதல் பகிடி அது.

முதல் நாள் இரண்டு அடி. உம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வழுக்கவில்லை என்பதைக் கால் நம்புவதற்கு ஒரு வாரம் எடுத்தது. மார்ச்சில் கதவிலிருந்து மதில் வரை போய்த் திரும்பினார். கையில் தஸ்பீஹ் பிடிக்க முடியாது, இரண்டு கையும் வோக்கரில். ஆகவே ஓர் அடிக்கு ஒரு ஸுப்ஹானல்லாஹ் என்று வாயால் எண்ணினார். 33 ஆனதும் கதிரையில் உட்காருவார். கொஞ்ச நாளில் 33 போதாமல் 99 ஆயிற்று. மழை பெய்து விட்ட அரை மணித்தியாலத்தில் முற்றம் நடக்கத் தோதாகி விடும். அட்டை இல்லை, சேறு இல்லை.

குறைகளும் இருக்கின்றன. நண்பகலில் வெயில் விழும் அந்த ஒரு மணித்தியாலம் அதில் வெறுங்காலால் நிற்க முடியாது. உண்மையான புல் ஆவியுயிர்ப்பின்போது நீரை வெளியேற்றித் தன்னைக் குளிர்த்திக் கொள்கிறது. பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. வெப்பத்தை வாங்கி வைத்துக் கொள்கிறது. ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் ஆறும், சற்று நேரத்தில் மறுபடி சுடும். எங்கள் முற்றத்துக்கு ஒரு மணித்தியாலம்தான், பொறுத்துக் கொள்ளலாம். நாள் முழுக்க வெயில் விழும் திறந்த மைதானத்தை நினைத்துப் பாருங்கள். பாசியும் முழுதாக எங்களை விடவில்லை. மதிலோரப் பொருத்தில் மெல்லியதாகப் பிடிக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் நான் பிரஷால் தேய்க்கிறேன். இழைகள் தேய்ந்து உதிரும் என்பதுதான் எனக்கு உறுத்தல். எங்கள் கானில் ஓடும் நீர் கடைசியில் விக்டோரியாவுக்குத்தான் போகிறது. விளையாட்டு மைதானங்களில் புல் இழைகளுக்கிடையே பழைய டயரை அரைத்த றப்பர்த் துகளை நிரப்புவார்கள். இத்தகைய நுண்பிளாஸ்டிக் துகள்களின் விற்பனையை 2023இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்து, மைதானங்களுக்கு 8 வருட அவகாசம் கொடுத்திருக்கிறது. எங்கள் முற்றத்தில் றப்பர் போடவில்லை. பொருத்தின் கீழே ஒரு வலைத்துணி வைத்து, கான் வாயிலும் ஒன்று கட்டியிருக்கிறேன். மேடையில் பேசியவளுக்கு இவ்வளவாவது செய்ய வேண்டாமா?

பொது இடங்களைப் பற்றியும் இப்போது எனக்கு ஒரு கருத்து உண்டு. கண்டிப் பக்கம் கூரை போட்ட ஃபுட்சல் கூடங்கள் வந்திருக்கின்றன. நாலு பக்கமும் மூடி, உள்ளே செயற்கைப் புல். என் சாச்சியின் மகள் தோழிகளோடு ஒரு மணித்தியாலம் காசு கட்டி எடுத்து ஆடுவாள். அவளோடு ஒரு நாள் போனேன். கதவைச் சாத்தி விட்டால் பார்வையாளர் இல்லை, ஒருவர் கண்ணும் இல்லை. பர்தாவின் மேல் ஊசி சரியாக இருக்கிறதா என்று யோசிக்காமல் பந்தின் பின்னால் ஓடுவது என்றால் என்னவென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கூரையின் கீழ் நிஜப் புல் ஒரு மாதம் உயிரோடு இருக்காது. எங்களைப் போன்ற பெண்பிள்ளைகளுக்குக் கூரை வேண்டும், கூரைக்குக் கீழே செயற்கைப் புல்தான் வேண்டும்.

ஆனால் வெயிலும் மழையும் தாராளமாகக் கிடைக்கும் கல்லூரி மைதானங்களுக்கும் இதை விரிக்க வேண்டும் என்று சிலர் பேசும்போது நான் உடன்படுவதில்லை. புல் தானாக வளரும் இடத்தில் அதைக் கொன்று பிளாஸ்டிக் போடுவானேன்? ஹொக்கியில் நடந்ததையும் பார்க்கலாம். 1975இல் இந்தியா உலகக் கிண்ணத்தை வென்றது புல்தரையில். 1976 மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆட வைத்தார்கள், இந்தியா ஏழாவது இடத்துக்குப் போயிற்று. அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அத்தகைய தரையைப் போட வசதியில்லாத ஊர்ப் பிள்ளைகள், தாங்கள் பழகாத தரையில் போய் ஆட வேண்டியதாயிற்று. பத்துப் பதினைந்து வருடத்தில் அது தேய்ந்து விடும். மறுபடி காசு வேண்டும், கழற்றியதைப் போட இடமும் வேண்டும்.

உம்மும்மா ஏன் 99 அடியோடு நிற்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் வாழ்க்கைப்பட்டு வந்த வீடு பழைய தெல்தெனியவில், கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. விக்டோரியா அணைக்கட்டு 122 மீற்றர், இலங்கையில் இதைவிட உயரமான அணை இல்லை. 1985 ஏப்ரல் 12ஆம் திகதி அதைத் திறந்து வைத்தார்கள். அதற்கு முன்பே பழைய ஊர் நீருக்குள் போய் விட்டது. வீட்டுச் சாமான், கதவு, ஜன்னல், ஒரு மல்லிகைக் கன்று எல்லாம் லொறியில் ஏற்றினார்களாம். "முத்தம் நெறைய புல்லு. அத யாரு எடுத்துக்கொண்டு போவா? அப்படியே விட்டுப்போட்டு வந்தம்" என்பார். வறட்சியில் நீர் வற்றினால் பழைய ஊரின் அத்திவாரங்களும் வீதித் துண்டுகளும் வெளியே வரும். ஈரம் காயாத சேற்றில் பச்சைப் புல் முளைத்து, மாடுகள் மேயும். முன்பெல்லாம் வற்றிய செய்தி கேட்டதும் வாப்பாவை இழுத்துக்கொண்டு கரைக்குப் போய் விடுவார். இனிப் போக மாட்டோம் என்றுதான் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்திருக்கிறார்.

இந்த முறை நீர் இறங்கியபோது உம்மும்மாவே கேட்டார். "என்னால நடக்க ஏலும். கூட்டிக்கொண்டு போங்க."

ஓட்டோவைக் கரையோரம் வரை கொண்டு போனோம். வோக்கரை இறக்கி வைத்தேன். சமதரையாகப் பார்த்து அவரை நிறுத்தினோம். கீழே, தூரத்தில், ஒரு சுவர்த் துண்டும் வளைந்து போகும் வீதியும் தெரிந்தன. எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று கையால் காட்டினார். பிறகு செருப்பைக் கழற்றச் சொன்னார். உம்மா வேண்டாம் என்று தடுக்க, "கழட்டு மகள்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். கழற்றினேன்.

புல்லின் மேல் ஸுப்ஹானல்லாஹ் சொல்லிக்கொண்டே பதினோரு அடி நடந்தார். பன்னிரண்டாவது அடியில் நின்று காலைத் தூக்கிப் பார்த்தார்.

"இது குத்துது புள்ள" என்றார். "எங்கட வீட்டுப் புல்லு குத்தாது."

சொல்லி விட்டு மேலும் நடந்தார்.