பொதிகையில் மூன்று நாள்

“தாமிரபரணி எங்கே உற்பத்தியாகிறது?” என்று நான் வகுப்பில் கேட்பதும், “பொதிகை மலையில்!” என்று பிள்ளைகள் ஒரே குரலில் கூவுவதும், “சரி, உட்காருங்கள்” என்று நான் திருப்தியடைவதுமாக இருபது வருஷங்கள் கழிந்துவிட்டன. சென்ற ஆண்டு ஒரு பையன் உட்காராமல் நின்றுகொண்டு, “ஸார், நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டுவைத்தான். அந்த ஆற்றிலே நீந்தக் கற்று, அதன் நீரையே குடித்து வளர்ந்த எனக்கு மறுமொழி சொல்ல வாய் வரவில்லை. இந்தப் பிரயாணத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

பாபநாசத்துக்கு மேலுள்ள காடு 1988 முதல் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. ஆகவே அகஸ்தியர் கூடம் என்னும் சிகரத்துக்கு யாத்திரிகர்கள் கேரளத்துப் பக்கமாகவே ஏறுகிறார்கள். வனத்துறையார் ஜனவரி நடுவிலிருந்து சில வாரங்களுக்கு, நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கு வைத்து அனுமதி கொடுக்கிறார்கள். முன்பு ஸ்திரீகளுக்கு அனுமதி கிடையாது. 2018இல் கேரள உயர்நீதிமன்றம் அதை மாற்றிற்று. 2019 ஜனவரியிலிருந்து அவர்களும் ஏறுகிறார்கள். எங்கள் கூட்டத்தில் இரண்டு கல்லூரிப் பெண்கள் இருந்தார்கள். முதல் நாள் அரை மணிக்குப் பிறகு அவர்களுடைய முதுகைக்கூட நான் பார்க்கவில்லை.

திருவனந்தபுரத்திலிருந்து மேற்சொன்ன மலையை நோக்கிச் செல்லும் சாலை, போனக்காடு என்ற பழைய தேயிலைத் தோட்டத்தில் முடிந்துபோகிறது. அங்கிருந்து சிகரம் இருபது கிலோமீட்டருக்கு மேல். வழிகாட்டியாக வந்தவர் காணி வகுப்பைச் சேர்ந்த ஒரு பெரியவர். அறுபது பிராயம் இருக்கலாம். காலில் ரப்பர்ச் செருப்பு. நானோ புதிதாக வாங்கிய பூட்ஸுகளுக்குள் இரண்டு கால்களையும் சிறைவைத்திருந்தேன்.

முதல் நாள் முழுவதும் நீரோடு நடை. கரமனையாற்றின் இளம் பருவத்தை அன்றுதான் கண்டேன். கல்லுக்குக் கல் தாவி அதைக் கடந்தோம்; பின்னர் வேறு ஓடைகள். ஒவ்வோர் ஓடையும் கண்ணுக்குப் படுமுன் காதுக்குப் பட்டுவிடும். மரங்களின் அடிவேர்கள் சுவர்போல் எழுந்து நிற்கின்றன. பகல் பன்னிரண்டு மணிக்கும் வெயில் தரையைத் தொடவில்லை. ஈற்றைப் புதர்கள் முறிந்து கிடந்த ஓரிடத்தில் பெரியவர் கையை உயர்த்தினார். நாங்கள் சித்திரப் பதுமைகளானோம். சிறிது நேரம் மோந்து பார்த்துவிட்டு, “ஆனை விடியக்காலம் போயிட்டது, ஸாரே, நடக்கலாம்” என்றார். யானை போனதை மூக்கு எப்படிச் சொல்லிற்று என்று கேட்டேன். சிரித்தார். ‘முட்டிடிச்சான்’ என்று ஓர் ஏற்றம் உண்டு. முழங்கால் வந்து இடிக்கும் என்று பொருள். பெயர் வைத்தவர் கவியல்லர், உள்ளதைச் சொல்பவர்.

அந்தி வேளைக்கு அதிருமலை முகாமை அடைந்தோம். யானை வராதபடி சுற்றிலும் அகழி. சூடான கஞ்சியும் பயறும் கிடைத்தன. அவ்வளவு ருசியான விருந்தை நான் எந்தக் கல்யாணத்திலும் உண்டதில்லை.

இரவு பெரியவரிடம் ஆரோக்கியப்பச்சையைப் பற்றிக் கேட்டேன். நேயர்களுள் சிலர் இக்கதையை அறிந்திருக்கலாம். 1987இல் இம்மலைக்கு வந்த விஞ்ஞானிகள் மூச்சுத் திணறி நிற்க, உடன் வந்த காணிகள் ஏதோ சிறு கனிகளை மென்றுகொண்டு சோர்வின்றி நடந்தார்களாம். அது என்னவென்று முதலில் சொல்லவில்லை. வற்புறுத்திக் கேட்டபின் காட்டினார்கள். பாலோட்டிலுள்ள தாவர ஆராய்ச்சி நிலையத்தார் அச்செடியை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்ற மருந்தைச் செய்தார்கள். உற்பத்தி உரிமையை 1995இல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தபோது, உரிமைத் தொகையிலும் லாப வீதத்திலும் சரிபாதி காணிகளுக்கு என்று தீர்மானித்தார்கள். அதைப் பெறுவதற்கு 1997இல் காணிகளின் அறக்கட்டளை ஒன்று ஏற்பட்டது. மலைவாசிகளின் அறிவுக்கு விலை உண்டென்று ஒப்புக்கொண்ட இந்த ஏற்பாட்டை உலகமே உதாரணமாகப் பேசிற்று. நானும் வகுப்பில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

“அண்ணாச்சி, சொன்னது சரிதானா, தப்பா?” என்றேன்.

வெகுநேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சொன்னதிலே தப்பில்லை, ஸாரே. வெளியாளுக்குச் சொல்லியாச்சு, எழுதியும் வெச்சாச்சு. என் பேரப்பிள்ளைக்குத்தான் சொல்லலை. அவன் டவுன் ஹாஸ்டல்லே படிக்கிறான். லீவுக்கு வந்தா நாலு நாள். நாலு நாள்லே எந்தச் செடியைக் காட்டுறது?”

நான் உபாத்தியாயர். பையன் படிக்கத்தான் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவரும் அதை மறுக்கவில்லையே என்று தோன்றவே பேசாமலிருந்துவிட்டேன்.

மறுநாள் சிகரம். 1,868 மீட்டர் உயரம். 1850களில் ஜான் ஆலன் புரௌன் என்ற திருவனந்தபுரத்து வானாராய்ச்சியாளர் இங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். அந்தக் காலத்தில் கருவிகளை இவ்வழியே சுமந்து வந்த கூலிகளின் பெயர்கள் எங்கேனும் எழுதப்பட்டிருக்குமோ? கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பற்றித்தான் ஏற வேண்டும். உச்சியில் அகஸ்தியர் சிலை, சுற்றிலும் வெண்பனி. எங்கள் திருநெல்வேலிச் சீமையைக் காண வந்தவன் என் கைத்தடியின் நுனியைக்கூடச் சரியாகக் காணவில்லை!

சிகரத்துக்குக் கீழே பொங்கலைப்பாறையில் ஒரு நீரோட்டத்தைக் காட்டி, “இது கிழக்கே இறங்குற தண்ணீர், உங்க ஊருக்கு வரும்” என்று பெரியவர் போகும்போதே சொல்லியிருந்தார். இறங்கும்போது அங்கே உட்கார்ந்தேன். நூல்கள் பூங்குளம் என்னும் சுனையைச் சொல்கின்றன. ஆனால் இம்மலையில் கசிகின்ற இடமெல்லாம் பிறப்பிடமாகவே இருக்கிறது. பாசியிலிருந்தும் வேரிலிருந்தும் சொட்டுகிறது. ஒரே மேகத்தின் நீர் மேற்கே சரிந்தால் நெய்யாறும் கரமனையாறுமாக அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கே சரிந்தால் நெல்வயல்களைக் கடந்து புன்னைக்காயலுக்கு. ஒரு கை நீரை அள்ளிக் குடித்தேன். பல் கூசிற்று.

மூன்றாம் நாள் திரும்பும் வழியில், நிழலடர்ந்த ஓடைக்கரையில் பெரியவர் குனிந்து இதய வடிவான ஓர் இலையைத் தொட்டார். பறிக்கவில்லை. “சாத்தான் களஞ்சா. இதுதான் ஆரோக்கியப்பச்சை” என்றார். பத்தடி தள்ளி, “இனி நீங்க காட்டுங்க” என்றார். நான் வேறொரு செடியைக் காட்டினேன். தலையை ஆட்டினார். மறுபடியும் தவறினேன். மூன்றாந்தடவை சரியாகச் சொன்னபோது, என் வகுப்பில் நான் சொல்லும் அதே தொனியில், “சரி” என்றார்.

போனக்காட்டில் அடுத்த கூட்டத்தார் மூட்டைகளுடன் காத்திருந்தனர். பெரியவர் ஒரு டீ குடித்துவிட்டு, அவர்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார்.