கற்குகையிற் கண்ட எழுத்து

சென்ற ஆண்டு விடுமுறைக் காலத்தில் மாணவர் சிலரோடு தந்திரிமலைக்குச் சென்றிருந்தேன். அநுராதபுர மாவட்டத்தில், வில்பத்துத் தேசிய வனத்தை அடுத்து அமைந்த கற்பாறைத் தலம் அது. பாறையிற் செதுக்கிய புத்தர் உருவங்களைக் காணவே பலரும் அங்குச் செல்வர். நாங்கள் அவற்றைக் கண்டபின் அப்பாலுள்ள குகைகளை நோக்கி நடந்தோம். அக்குகைச் சுவரில் மனித உருவங்களும் விலங்குருவங்களும் வேறு சில குறிகளும் காணப்படுகின்றன. பண்டை வேடரின் கைவண்ணம் அவை என்பர்.

"எழுத்தறியாத சனங்கள் கீறினதுதானே, சேர்?" என்றான் ஒரு மாணவன்.

இலங்கை வேடரிடையே வாழ்ந்து ஆராய்ந்த செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட நூற்செய்தியை அவனுக்கு எடுத்துரைத்தேன். தாம் கண்ட வேடர் குகைகளில் ஓவியங்களை வரைந்தோர் பெண்களே என அவர்கள் கேட்டறிந்தனர். வேட்டைக்குச் சென்ற ஆடவர் மீளும்வரை காத்திருந்த பொழுதில், சாம்பரை உமிழ்நீரிற் குழைத்து, விரலாற் பாறையில் வரைந்தனராம். இதனைச் சொல்லும்போதே என் குரல் தடைப்பட்டது. மாணவர் அதன் காரணத்தை அறியார்.

நாரந்தனையில் எங்கள் பழைய வீட்டு அடுக்களைச் சுவர் என் கண்முன் நின்றது. தீவகத்தார் பலரைப் போல என் தந்தையாரும் தென்னிலங்கையிற் கடையொன்றில் வேலை பார்த்தார். அம்மா கைந்நாட்டு இடுபவர். ஐயா புறப்பட்ட நாள் முதலாக, நாளுக்கொரு கோடு அடுப்புக்கரியாற் சுவரிற் கீறுவார். எனக்கு ஒன்பது வயதான ஆண்டில், தைப்பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் வேலை என்னிடம் வந்தது. படிக்கிற பிள்ளை என்ற இறுமாப்பு எனக்கு. "படியாத ஆக்களின்ரை வீடு மாதிரிக் கிடக்குது" என்று கூறி, அத்தனை கோடுகளையும் சுண்ணாம்பால் மறைத்தேன். ஐயா அப்பொழுது வந்திருக்கவில்லை. அம்மா ஒன்றும் பேசாது எனக்குச் சோறிட்டார். மறுநாட் காலை அவ்வெண்சுவரில் ஒற்றைக் கரிக்கோடு ஒன்று இருந்தது.

1990இல் ஊர் பெயர்ந்தோம். மீண்டபோது அச்சுவர் இல்லை. இன்று அம்மாவும் இல்லை.

பயிற்றப்பட்ட ஆசிரியனாகி, 'அவர்வயின் விதும்பல்' என்னும் குறளதிகாரத்தை ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றேன். பிரிந்தவன் சென்ற நாட்களைச் சுவரிற் குறித்தெண்ணித் தலைவியின் விரல் தேய்ந்ததை அதன் முதற்பாவிலே வள்ளுவர் கூறுவார். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் என்பதையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். ஆயினும் அத்தலைவி என் அடுக்களையிலே நின்றாள் என்பது, அயலார் குகையொன்றை அடையும்வரை எனக்குப் புலப்படவில்லை. கோலம் எழுதுதல், கண்ணுக்கு மை எழுதுதல், ஓவியம் எழுதுதல் என்பன நம் முன்னோர் வழக்கு. வரைதலையும் எழுதுதலையும் அவர்கள் ஒரே சொல்லால் வழங்கினர். அவ்வாறாயின் எழுத்தறியாதவர் அம்மாவா, நானா?

வேடர்க்கு நேர்ந்ததும் நாம் அறியாததன்று. 1983இல் மாதுறு ஓயாக் காடு தேசிய வனமானபோது தம்பானை வேடர் தம் வேட்டைக்காட்டை இழந்தனர். பலர் மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றனர். முதுபெருந் தலைவர் திசாஹாமி தம்பானையை விட்டு நீங்க மறுத்து, 1998இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். விட்டுவந்த வீட்டை நினைந்திருந்த தீவகத்தார்க்கு அவர் மனத்தை விளக்கிக் கூறல் வேண்டா.

"தம்பி, அவர்களும் எழுதினவர்கள்தான். வாசிக்கத் தெரியாதது எங்களுக்கு" என்று மட்டும் அம்மாணவனுக்கு விடை கூறினேன்.

இவ்விழா மலரைக் கையிலேந்தும் இளம் மாணவர்க்கு ஒன்று கூறி அமைகின்றேன். உங்கள் வீட்டுச் சுவரில் முதியோர் இட்ட குறி ஏதேனும் இருப்பின், வெள்ளையடிக்குமுன் அதன் பொருளை அவர்களிடம் கேளுங்கள். நான் கேட்கவில்லை.