கப்பல் ரேடியோவும் கொழும்பு ரேடியோவும்

போன வாரம் விடாத மழை, கழனியில வேலை இல்லை. பையன் லேப்டாப்ல ஒரு இங்கிலீஷ் படம் போட்டுக் காட்டினான். 'தி போட் தட் ராக்ட்', 2009-ல் வந்தது. கதை 1966-ல் நடக்குது. பிபிசியில் ராக் பாட்டு அபூர்வம். அதனால சில பேர் கடல்ல கப்பலை நிறுத்தி, ராத்திரி பகலா பாட்டுப் போடுறாங்க. அரசாங்கம் அதை மூடத் துடிக்குது. வயிறு வலிக்கச் சிரிச்சோம். ரேடியோ கரோலைன்னு நிஜமாவே 1964-ல் அப்படி ஒண்ணு ஆரம்பிச்சிருக்காங்க.

பையனுக்கு ஆச்சரியம். எனக்கு இல்லைங்க. நமக்கும் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு ரேடியோ இருந்ததே!

1952-ல் மத்திய மந்திரியா வந்த கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவுன்னு ஆல் இந்தியா ரேடியோவில் ஏறக்குறைய நிறுத்தியே விட்டார். ஜனங்க சண்டைக்குப் போகலை. முள்ளைக் கொழும்புக்குத் திருப்பிட்டாங்க. 1957-ல் விவித் பாரதி வந்தது. ஆனா அதுக்குள்ள பழக்கம் ஒட்டிக்கிச்சு. இத்தனைக்கும் இலங்கை வானொலி திருட்டு ரேடியோ இல்லை, அந்த நாட்டு அரசாங்கத்தோடது!

நான் பள்ளிக்கூடம் போன காலத்துல வாலாஜாபாத் நெசவுத் தெருவுல காலையில நடந்தா, வீட்டுக்கு வீடு 'பொங்கும் பூம்புனல்' கேட்டுக்கிட்டே போகலாம். குழியில கால் மிதிக்கும், நாடா ஓடும், மாடத்துல ரேடியோ. பக்கத்து வீட்டு நெசவுக்கார மாமா சொல்வார்: "அப்துல் ஹமீது பேசினா நிதானமா நெய்யலாம்டா. கே.எஸ். ராஜா பேசினா கை தானா வேகம் பிடிச்சு இழை அறுந்துடுது." சிற்றலை கடல் அலை மாதிரியேதான் வரும். பாட்டு நடுவுல கரைஞ்சுபோய்த் திரும்ப வரும். விட்டுப்போன வரியை மாமாவே பாடி நிரப்புவார், ராகம் எங்கேயோ போகும்.

படத்துல கடைசியில கப்பல் முழுகுது. பாட்டுக் கேட்டவங்கல்லாம் ஆளாளுக்குப் படகு எடுத்துக்கிட்டுப் போய் அறிவிப்பாளருங்களைக் காப்பாத்துறாங்க. பையன் கைதட்டினான். எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. 1983 ஜூலையில கொழும்புல தமிழர் வீடுங்க எரிஞ்சப்போ, தினமும் கேட்ட அந்தக் குரல்காரங்க என்ன ஆனாங்கன்னு இங்கே யாருக்கும் தெரியலை. கே.எஸ். ராஜா 1989-ல் கொழும்புல கொல்லப்பட்டார். சேதி எங்க தெருவுக்கு வந்து சேரவே நாளாச்சு. மாமா தறியை நிறுத்திட்டு, "நம்ம ராஜாவையா?"ன்னு மட்டும் கேட்டார்.