மாட்டுக்குப் போன சத்துமாவு

பேரனுக்கு ஆறு மாதம் முடிந்ததும் அங்கன்வாடியில் கொடுத்த சத்துமாவை நான் மாட்டுத்தொட்டியில் கரைத்து ஊற்றினேன். மருமகளுக்குத் தெரியாமல்தான். நான் இருக்கும்போது நம் வீட்டுப் பிள்ளைக்குப் பொட்டல மாவு எதற்கு என்கிற வீம்பு. கொத்தமங்கலத்தில் எங்கள் தெருப் பெண்கள் பிள்ளை வளர்ப்புக்கு என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். அந்தப் பெயரை விட மனமில்லை.

நான் கொடுத்தது கேழ்வரகுப் பால்கூழ். ஊறிய கேழ்வரகை அரைத்து, பழைய வேட்டித் துணியில் ஊற்றிப் பிழிவேன். திப்பியை எறிந்துவிட்டு, இறங்கிய பாலில் நிறையத் தண்ணீர் விட்டுக் காய்ச்சுவேன். மதியம் பருப்புத் தண்ணீர். வெந்த பருப்பின் மேலே தெளிந்து நிற்கும் நீரை மட்டும் இறுத்துக் கொடுப்பேன். சுத்தத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் தானியத்தின் சத்தில் ஒரு பங்கு துணியோடு போனது. பருப்பு சட்டியின் அடியிலேயே கிடந்தது.

"முட்டை மஞ்சக்கருவ மசிச்சுக் குடுக்கட்டுமா அயித்தை?" என்று மருமகள் கேட்டாள். மாந்தம் வந்துவிடும் என்று அடக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஈரலும் சுவரொட்டியும் வறுத்து, ரத்தம் ஊறும் என்று பெரியவர்களுக்குப் பரிமாறிய வீடு இது. ரத்தம் ஊற வேண்டிய பிள்ளைக்குத் தெளிந்த நீர்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது செவிலியர் அவன் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வெளிறியிருந்தது. ரத்தத்தைச் சோதித்தால், 11-ஐ ஒட்டி இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் எட்டைத் தொடவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. அந்தக் கணக்கில் என் கையால் ஒருவனைச் சேர்த்தேன்.

கிண்ணம் கிண்ணமாகக் குடித்தானே, எப்படி என்று அன்று புரியவில்லை. ஏழு கிலோப் பிள்ளையின் வயிறு ஒரு வேளைக்கு 200 மில்லி அளவுதான் கொள்ளும். அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சோற்றுக்கு இடம் ஏது? தாய்ப்பாலுக்கு மேல் 6 முதல் 8 மாதம் வரை நாளுக்கு 200 கலோரியும், அடுத்த மூன்று மாதத்துக்கு 300-ம் வேண்டும். பிறக்கும்போது உடம்பில் கொண்டுவந்த இரும்புச்சத்தும் ஆறு மாதத்தோடு குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் அது கொஞ்சம்தான்.

வீட்டுச் சாப்பாட்டின் மேல் பழி இல்லை. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் கல்லூரியில் ராஜம்மாள் தேவதாஸ் காலத்தில் 'குழந்தை அமுது' என்று ஒரு மாவு வகுத்தார்கள். சோளமோ கேழ்வரகோ 30 கிராம், வறுத்த பாசிப்பயறு 20, வறுத்த வேர்க்கடலை 10, வெல்லம் 20. எல்லாமே எங்கள் வீட்டு அடுக்களையில் இருந்த சாமான். கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து வறுத்து அரைத்தால், தண்ணீரைக் கூட்டாமலே கூழ் இளகும். அதே கிண்ணத்தில் மாவைக் கூட்டிப் போடலாம். இதைத் தெரிந்துகொள்ள நான் முயலவே இல்லை. கேட்பது கௌரவக் குறைவு என்று இருந்துவிட்டேன்.

இப்போது அவனுக்கு இரும்புச்சத்து சொட்டு மருந்தோடு, கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத கெட்டியில் பருப்புச் சோறு, நெய், மசித்த ஈரல் எல்லாம் மருமகள் கொடுக்கிறாள். மாந்தம் எதுவும் வரவில்லை. மாட்டுத்தொட்டி விஷயத்தை அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, அது நியாயம்தான்.

இந்தப் பால்கூழைப் பிழியக் கற்றுக்கொடுத்த வீடுகளுக்குப் போய், தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லி வருகிறேன். ஒரு வீட்டுக்கு மட்டும் இன்னும் போகவில்லை. அந்த வீட்டுப் பெண் பிள்ளை வயதுக்கு மிகவும் சிறுத்திருக்கிறாள். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.