தோல்வி காலில் தங்கும்

2024-25 ஐ.எஸ்.எல். கால்பந்து லீக் முடிந்தபோது சென்னையின் எஃப்சி 13 அணிகளில் 11ஆவது இடத்தில் நின்றது. காஞ்சிபுரம் ஓரிக்கையில் என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் அந்த நீல ஜெர்சியோடுதான் மைதானத்துக்கு வருவார்கள். அந்த வருஷம் எங்கள் அணிக்கும் சரியில்லை. ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களைக் கடைசிப் பத்து நிமிஷத்தில் விட்டோம். "போனது போகட்டும், அடுத்ததைப் பாருங்கடா" என்று பார்ப்பவர்களெல்லாம் தேற்றினார்கள். நல்ல மனசோடு சொல்கிற வார்த்தைதான். ஆனால் பயிற்சி கொடுக்கிறவனுக்கு அது உதவாது. பையன்களின் மனசு ஒரு வாரத்தில் தெளிந்துவிடும், கால் தெளியாது.

எப்படி என்று சொல்கிறேன். நிறைய கோல் வாங்கிய அணியின் ஸ்டாப்பர் பேக்கைக் கவனியுங்கள். எதிரணியின் ஹாஃப் ஆட்டக்காரன் பந்தை எடுத்துத் தலையை நிமிர்த்தியதுமே இவன் இரண்டு அடி பின்னால் போவான். யாரும் போகச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் த்ரூ பால் விழும் என்ற பயம் காலை இழுக்கிறது. இவன் பின்வாங்கியதும் இவனுக்கும் நடு ஆட்டக்காரனுக்கும் நடுவே பெரிய இடைவெளி விழுகிறது, எதிரணி அந்த இடத்தில் நிதானமாக நின்று பந்தை வாங்கித் திரும்புகிறது. கோல் கீப்பருக்கும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும்: பந்து கைக்கு வந்த அடுத்த நொடி தூக்கி அடித்துவிடுவான், அது அரை நிமிஷத்தில் திரும்பி வரும். ஜெயிக்கிற அணியில் இதே பையன்கள் இப்படி ஆட மாட்டார்கள்.

பெரிய அணிக்கும் இதுதான் நடக்கிறது. 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் பெங்களூரு எஃப்சியை 3-2 என்று வென்று சென்னையின் எஃப்சி இரண்டாவது முறையாகக் கோப்பையைத் தூக்கியது. மெயில்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய அந்த இரண்டு கோல்களை எங்கள் பையன்கள் இன்றும் போனில் போட்டுப் பார்ப்பார்கள். அடுத்த சீசனிலும் பயிற்சியாளர் அதே ஜான் கிரிகரிதான். ஆனால் 18 ஆட்டத்தில் வெற்றி இரண்டே இரண்டு, தோல்வி 13, மொத்தம் 9 புள்ளி. பத்து அணிகளில் கடைசி இடம். நடுக்களத்தைத் தாங்கிய வியாசர்பாடி தனபால் கணேஷ் முழங்கால் காயத்தோடு வெளியே இருந்தார். முந்தைய சீசனில் 9 கோல் அடித்த ஜேஜேவுக்கு அந்த சீசன் முழுக்க விழுந்தது ஒரே ஒரு கோல். அந்த ஒரு கோல் வந்த ஆட்டத்தில்தான் சென்னை, அந்த வருஷம் கோப்பையை வென்ற பெங்களூருவையே 2-1 என்று தோற்கடித்தது. அப்படியானால் திறமை எங்கும் போய்விடவில்லை.

அதற்கு அடுத்த சீசனைத்தான் நான் பையன்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வேன். 2019 அக்டோபரில் புது சீசன் தொடங்கியது. விஷால் கைத், சாங்தே, வால்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ என்று புது ஆட்கள் வந்திருந்தார்கள். அப்படியும் முதல் நாலு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது ஆட்டத்தில்தான், அதுவும் ஹைதராபாத்துக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில், முதல் கோல் விழுந்தது. காலண்டரில் சீசன் மாறினாலும் களத்தில் பழைய சீசன்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு ஆட்டத்தில் 5 புள்ளி என்ற நிலையில் கிரிகரி விலகினார், ஓவன் காயல் வந்தார். ஆட்கள் அதே ஆட்கள். மிச்சமிருந்த 12 ஆட்டத்தில் 24 புள்ளி எடுத்து நாலாவது இடத்துக்கு வந்து, அரையிறுதியில் கோவாவைத் தாண்டி, 2020 மார்ச் 14 அன்று இறுதி ஆட்டம் வரை போனார்கள். கொரோனாவால் ஆளில்லாத ஃபதோர்டா மைதானத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 என்று தோற்றார்கள். வால்ஸ்கிஸ் அந்த சீசனில் அடித்தது 15 கோல்.

உடனே "பயிற்சியாளரை மாற்றினால் போதும்" என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 2024-25இல் 11ஆவது இடத்தில் நின்ற அணிக்கும் அதே காயல்தான் பயிற்சியாளர். இடையில் 2021-22இல் ஜாம்ஷெட்பூருக்கு லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். ஒருவரே வெற்றி, தோல்வி இரண்டையும் பார்த்திருக்கிறார். ஆளை மாற்றுவதை விட ஆளின் பழக்கத்தை மாற்றுவதில்தான் வேலை இருக்கிறது என்பது என் கணிப்பு.

எங்கள் பக்கத்தில் தறியில் பாவு பிணைப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பழைய பாவு தீர்ந்ததும் தறியை வெறுமையாக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்குவதில்லை. பழைய பாவின் நுனியை அச்சில் அப்படியே விட்டு, விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு முறுக்கிச் சேர்ப்பார்கள். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று விட்டாலும் சேலையில் தெரியும்.

அணியிலும் பழைய சீசனின் நுனியைப் பிடித்துத்தான் தொடங்க வேண்டும். அதனால் சீசன் முடிந்து கூடும் முதல் சில நாட்களில் நான் ஷூட்டிங் பயிற்சி கொடுப்பதே இல்லை. வாங்கிய கோல்களை எடுத்துக்கொள்வோம். யார் விட்டான் என்ற பேச்சு அங்கே கிடையாது. கோல் விழுவதற்கு ஐந்து பாஸுக்கு முன் பந்து எங்கே கைமாறியது என்று பையன்களே மைதானத்தில் நடந்துபோய்க் காட்ட வேண்டும். முக்கால்வாசி நடுக்களத்துக்கும் பின்வரிசைக்கும் இடையில் போய் நிற்பார்கள். அந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவேன். எதிரணி பேக் பாஸ் போட்டால் நாலு பேக்கும் சேர்ந்து அந்தக் கோட்டுக்கு ஏற வேண்டும். ஒருவன் தங்கினால் ஆஃப்சைட் போய்விடும், அதனால் மறுபடி. சலிக்கும். வாரக்கணக்கில் இதையே செய்தால் அந்த இரண்டு அடி பின்வாங்கல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். குறைவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், இந்த வேலையில் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இல்லை.

ஒரு பையனின் அப்பா, தறி வேலைக்காரர், வந்து நின்றார். "சார், இவனை பேக்ல இருந்து எடுத்துடுங்க. இவனாலதான் தோத்துச்சுன்னு தெருவுல பேசுறாங்க, ராத்திரி சாப்பிட மாட்டேங்குறான்."

"எடுத்தா அந்தப் பேச்சு உண்மைன்னு அவனே நம்பிடுவாண்ணா. கொஞ்சம் பொறுங்க. அதே இடத்துல ஆடட்டும்."

அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் சேலையில் கரையைச் சேர்த்து நெய்யும் கோர்வைக்குக் கைகொடுக்கப் பையனை உட்காரவைக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டு, சாயங்காலம் அனுப்பத் தொடங்கினார். பையன் அதே இடத்தில்தான் ஆடுகிறான்.

பிள்ளைகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோரிடமும், சின்ன அணிகளை நடத்துகிறவர்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். மோசமான சீசன் முடிந்த கையோடு பழி போட ஒருவனைத் தேடாதீர்கள், பாதி அணியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். புது சீசனின் முதல் நாலு ஆட்டமும் சரியாக வராமல் போகலாம். அப்போதும் பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புங்கள்.