காரியம் ஒப்புவித்தல்

வாணிகத்திற்கு வேண்டுவன யாவை என்று வினவினால், முதல், சரக்கு, இடம், நாணயம் என்று விடை கூறுவர் பலர். தன் கைக்காரியத்தைப் பிறர் கையில் வைக்கும் ஆற்றலை அவற்றோடு சேர்த்து எண்ணுவார் சிலரே. கோட்டாற்றுக் கடைத்தெருவில் வளர்ந்து, இந்நாள் அங்கேயே சிறியதொரு பலசரக்குக் கடை நடத்திவரும் யாம், அவ்வாற்றலைக் குறித்து நம் கல்லூரி மலரில் சில கூற விழைகின்றோம். பட்டம் பெற்று வெளியேறும் மாணவருள் பலர் உத்தியோகத்தையே நாடினும், சிலரேனும் சொந்தத் தொழில் தொடங்குவர். அவர்க்கு இது பயன்படக் கூடும்.

கோட்டாறு இன்று நாகர்கோவில் மாநகரின் ஒரு பகுதி. ஆயினும் அதன் பெயர் மிகப் பழையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தாலமி என்னும் யவன ஆசிரியர் குறித்த 'கொத்தியாரா' இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. இத்துணைப் பழமை வாய்ந்த ஊரில், கடைகள் பல இன்றும் ஒருவரது உடல் நலத்தை நம்பியே நடைபெறுகின்றன. விடியலில் பூட்டைத் திறப்பவரும், விலை சொல்பவரும், கடன் எழுதுபவரும், கல்லாப் பெட்டியில் அமர்பவரும், இரவில் விளக்கணைப்பவரும் ஒருவரே. வேலையாள் நால்வர் இருப்பினும், அவர் முதலாளிக்குக் கைகால்களாக இருப்பரேயன்றி, கருத்துடையவராக இருக்க விடப்படார். கலியாண வீட்டுப் பந்தியில் அமர்ந்தும், கைபேசி வழியே மிளகின் விலையைச் சொல்லிக்கொண்டிருக்கும் முதலாளிமாரை யாம் கண்டதுண்டு. அவர் நோயுற்றால் கடையும் நோயுறும். அவர்க்குப் பின் கதவடைந்து போன கடைகளும் எம் தெருவில் உண்டு.

இவர்கள் சோம்பரல்லர், அறிவிலாரும் அல்லர். 'நாம் செய்வதுபோல் பிறர் செய்யார்' என்னும் ஓர் எண்ணமே இவர்களைக் கட்டிவைத்திருக்கின்றது. அவ்வெண்ணம் முற்றிலும் பொய்யன்று. பிறர் நம்மைப்போல் செய்யாரென்பது மெய்யே. ஆனால் நம்மைப்போல் செய்தல் வேறு, நன்றாகச் செய்தல் வேறு. மூட்டையை எம் தந்தையார் இடப்புறம் அடுக்குவார். கடையாள் வலப்புறம் அடுக்குவான். சரக்கு நனையாமலும் எலி தீண்டாமலும் இருக்குமாயின், எப்புறம் அடுக்கினால் என்ன?

வேலை ஏவுதலும் காரியம் ஒப்புவித்தலும் ஒன்றெனக் கருதுவாரும் உளர். "அந்த மூட்டையை எடுத்து இங்கே வை" என்பது ஏவல். "சரக்கறை உன் பொறுப்பு; எது குறைகின்றதென்று நீயே கண்டு, நீயே வருவி; சனிக்கிழமைதோறும் இருப்பைச் சொல்" என்பது ஒப்புவித்தல். முன்னதில் சிந்தனை முழுதும் முதலாளியிடமே தங்கிவிடுகின்றது. பின்னதில் ஒரு காரியம் தலையும் வாலுமாக முழுமையாய்க் கைமாறுகின்றது. அதனோடு ஒரு வரம்பும், கணக்கொப்பிக்கும் கடமையும் உடன் செல்கின்றன. இம்மூன்றில் ஒன்று குறையினும் காரியம் கெடும். வரம்பின்றிக் கொடுப்பது ஊதாரித்தனம். கணக்கின்றிக் கொடுப்பது கண்மூடித்தனம். பாதியைக் கொடுத்துப் பாதியைப் பிடித்துக்கொள்வதோ இருவருக்கும் துன்பம்.

இம்முறையைப் பெரிய அளவில் நடத்திக்காட்டிய தமிழர் நாட்டுக்கோட்டை நகரத்தார் ஆவர். அவர்தம் வட்டித் தொழிலின் நன்மை தீமைகளை ஆராய்தல் ஈண்டு எம் நோக்கமன்று. அவர்தம் நிர்வாக முறையை மட்டுமே கருதுகின்றோம். 1930ஆம் ஆண்டளவில் பர்மாவில் மட்டும் அவர்க்கு 1,600க்கு மேற்பட்ட கடைகள் இருந்தன. முதலாளி செட்டிநாட்டிலிருப்பார், கடை கடலுக்கு அப்பாலிருக்கும். இடையே இருந்தது ஏஜெண்டு ஒருவரது நாணயமே. அவ்வேஜெண்டுக்குப் பொதுவாக மூன்றாண்டுத் தவணை உண்டு. முதலாளியின் பெயரால் கொடுக்கல் வாங்கல் செய்யப் பத்திரமூலமான அதிகாரம் உண்டு. தவணைக்குரிய சம்பளம் முன்னரே பேசி முடிக்கப்படும். அதில் ஒரு பகுதி முன்பணமாகவே அவர் குடும்பத்திற்குச் சேரும். கணக்கு ஒழுங்காக ஊருக்கு வந்துகொண்டிருக்கும். தவணை முடிந்ததும் அடுத்தவரிடம் கடையை ஒப்படைத்து, இலாபத்தில் ஒரு பகுதியையும் பெற்று அவர் ஊர் திரும்புவார். இளம் வயதில் கடைப் பையனாகச் சேர்ந்து, கணக்குப் பழகி, ஏஜெண்டாகிப் பின் முதலாளியானவரும் அவருள் பலர். கடிதம் செல்லவே பல நாளாகும் காலத்தில் இது நடந்தது. முதலாளி நாள்தோறும் கேட்டறிய வழியில்லாததனால், ஆளைத் தேர்வதிலும் வரம்பை வகுப்பதிலும் அவர் முன்னரே கருத்தைச் செலுத்த வேண்டியிருந்தது. இன்று நொடிதோறும் வினவ வழியிருத்தலால் அம்முன்யோசனையை நாம் கைவிட்டு வருகின்றோம்.

வாணிகத்திற்குப் புறம்பான சான்றொன்றும் எம் ஊரிலேயே உண்டு. கோட்டாற்றுப் பேராலயம் புனித சவேரியார் பெயர் தாங்கி நிற்பது. 1542ஆம் ஆண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த அவர்க்குத் தமிழ் நன்கு தெரியாது, ஊர்களோ பல, அவரோ ஒருவர். தமிழறிந்தார் துணைகொண்டு செபங்களைத் தமிழாக்கி, ஊர்தோறும் ஒரு படியை வைத்து, அவற்றை மக்களுக்குக் கற்பிக்க அவ்வூராருள்ளேயே தக்காரை நியமித்து, அவர்க்கு ஊதியத்திற்கும் வழிசெய்து, அடுத்த ஊருக்குச் சென்றார். அந்நியமனம் பெற்றவரை அவர் கடிதங்கள் 'கணக்கப்பிள்ளை' என்னும் நம் சொல்லாலேயே குறிக்கின்றன. 1544ஆம் ஆண்டில் தம் துணைவர் மான்சிலாசுக்கு அவர் அடுத்தடுத்து வரைந்த கடிதங்களைப் பயில்வோர், ஒப்புவித்தபின்னும் அவர் ஓயாது விசாரித்தும் ஊக்கியும் வந்தமையை அறிவர். ஒப்புவித்தல் என்பது கைகழுவுதல் அன்றென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி, எம் கடையில் நிகழ்ந்ததொன்றைக் கூறுவோம். எம் தந்தையார் கடன் கொடுக்கும் அதிகாரத்தைக் கடையாளர் ஒருவரிடம் விட்டிருந்தார். எவர்க்காயினும் 5,000 ரூபாய்க்கு மேல் நிலுவை ஏறலாகாது என்பது வரம்பு. ஒருநாள், எம் பெரியப்பா முறையினர் ஒருவர் பழைய நிலுவை தீராதிருக்க, வீட்டு விசேடத்திற்குச் சரக்குக் கேட்டார். கடையாளர் பணிவுடன் மறுத்தார். பெரியப்பா சினந்து வீட்டிற்கு வந்து, "உன் கடையில் உன் வேலைக்காரன் என்னை மறுப்பதா?" என்றார். வீட்டிலுள்ளோர் யாவரும் எம் தந்தையார் முகத்தையே நோக்கினோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, "அண்ணாச்சி, கடன் காரியத்தை அவனிடம் விட்டுவிட்டேன். விசேடம் நம் வீட்டு விசேடம். பணம் நான் என் கையிலிருந்து தருகிறேன். கடையில் ரொக்கம் கொடுத்துச் சரக்கை எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார்.

அவ்வாறே நடந்தது. பெரியப்பாவின் மனத்தாங்கல் தீரச் சில மாதங்கள் ஆயின. ஆனால் அன்று எம் தந்தையார் உறவுக்கு அஞ்சிச் சரக்கை அனுப்பியிருப்பாராயின், கொடுத்த அதிகாரம் அந்நொடியே திரும்பப் பெறப்பட்டிருக்கும். மறுநாள் முதல் அக்கடையாளர் ஒவ்வொன்றிற்கும் வீட்டிற்கு ஆளனுப்பிக் கேட்டிருப்பார். சில ஆண்டுகட்குப் பின் எம் தந்தையார் நோயுற்று இரண்டு மாதம் மருத்துவமனையில் கிடந்தபோது, ஓணப் பருவத்து விற்பனையை அவரே தாங்கினார். யாம் தந்தையாரின் கட்டிலருகே இருக்க முடிந்தது. அந்நாட்களின் விலையைப் பேரேட்டில் எழுத இயலாது.

அக்கடையாளர் இப்போது வடசேரியில் சொந்தக் கடை வைத்திருக்கின்றார். எம் வாடிக்கையாளர் சிலர் அவரிடம் சென்றதும் உண்மை. 'தொழில் கற்றுக்கொடுத்தால் போட்டிக்கு வருவான்' என்று அஞ்சுவோர்க்கு இஃது ஓர் ஆதாரமாகத் தோன்றலாம். யாம் அவ்வாறு கருதவில்லை. கற்பிக்கப்பெறாதவன் எம்மிடமே இருந்திருப்பினும், அவனால் எமக்குக் கிடைத்திருப்பது இரண்டு கைகளே. கற்றவர் எம்முடன் இருந்த ஆண்டுகளில் எமக்கு அளித்ததோ மற்றொரு தலை. அன்றியும் அவரிடம் பழகிய இளைஞர் இருவர் எம்மிடம் உளர். கொள்முதல் ஒருவர்க்கும், கடன் கணக்கு ஒருவர்க்குமாக விட்டிருக்கின்றோம். ஆண்டிறுதியில் இலாபத்தில் ஒரு பகுதி அவர்க்குரியது. பொறுப்பைப் பகிர்ந்து, பலனைப் பகிராதிருத்தல் நீதியன்று. நெடுநாள் நில்லாததும் ஆகும்.

எல்லாவற்றையும் ஒப்புவிக்கலாமோ எனின், ஆகாது. கடையின் நாணயம், முதலின் பாதுகாப்பு, ஆளைத் தேர்தல் ஆகிய மூன்றும் முதலாளியை விட்டு நீங்கா. தவறு நேர்ந்தால் வெளியார்முன் 'எம் தவறு' என்று நிற்க வேண்டியவரும் அவரே. வள்ளுவர் தெரிந்து தெளிதலை 51ஆம் அதிகாரத்திலும், தெரிந்து வினையாடலை 52ஆம் அதிகாரத்திலும் வைத்த முறைமை கருதத்தக்கது. முதலில் ஆராய்ந்து ஆளைத் தெளிதல். பின்னரே வினையை அவர்பால் விடுதல். இம்முறையை மாற்றி, முதலில் விட்டுவிட்டுப் பின்னர் ஐயுறுவோரே பெரும்பாலும் "ஆள் சரியில்லை" என்று முறையிடுகின்றனர்.

மாணவ நண்பர்காள்! நீவிர் நாளை கடை வைக்கலாம், அச்சகம் வைக்கலாம், பள்ளி நடத்தலாம். தொடங்கிய நாளில் யாவும் உம் கையிலேயே இருக்கும், அது இயல்பு. ஆண்டொன்று கழிந்தபின், ஒரு வாரம் வெளியூர் சென்று பாருங்கள். திரும்பி வருகையில் கடை திறந்திருந்து, கணக்கும் சரியாயிருக்குமாயின், நீவிர் ஒரு தொழிலை நிறுவியிருக்கின்றீர். கதவு சாத்தியிருக்குமாயின், நீவிர் உமக்கு ஒரு வேலையைத் தேடிக்கொண்டீர், அவ்வளவே.