இரவல் உடுப்பு

ஜூலை பிறந்தால் அக்கா வீட்டில் உடுப்புப் பிரச்சினை தொடங்கிவிடும். 21ஆம் தேதி பள்ளிகளில் இன நல்லிணக்க நாள். தொடக்கநிலை 3இல் படிக்கும் அக்கா மகளுக்கு இந்த முறை பாஜு குரோங்தான் வேண்டுமாம். எதிர்வீட்டு மக்சிக் தன் பேத்தியுடையதை இரவல் கொடுத்தார்.

போட்டுப் பார்த்துக்கொண்டே, "அது ஏன் மாமா 21? வேற நாள்ல வைக்கக்கூடாதா?" என்றாள்.

"ஸ்கூல்ல சொல்லலையா?"

"சொன்னாங்க. முன்னாடி சண்டை நடந்துச்சாம். இப்ப எல்லாரும் ஃப்ரெண்ட்ஸாம்."

அந்த வயதில் எனக்கும் அவ்வளவுதான் தெரியும். தொடக்கநிலை 4இல் என் வேட்டியைச் சீன நண்பன் ஒருவனுக்குக் கட்டிவிட்டேன். இடுப்பில் நிற்கவே இல்லை. ஆசிரியை பெல்ட் போட்டுவிட்டார். எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அஞ்சாங்கல் ஆடினோம். அம்மா காலத்தில் அது நிஜக் கல். எங்களுக்கு மணல் அடைத்த குட்டித் துணிப்பை. நிறைய படம் எடுத்தார்கள். மறுநாள் பள்ளிப் பேருந்தில் அதே நண்பன் என் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டான். பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன்மேல் இருந்த கோபம் என்றோ போய்விட்டது. சிரித்த என்மேல் இன்னும் இருக்கிறது.

1964 ஜூலை 21. சிங்கப்பூர் மலேசியாவோடு இருந்த காலம். நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலம் பாடாங்கிலிருந்து கேலாங் நோக்கிப் போனபோது மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் கலவரம் மூண்டது. அன்றிரவே ஊரடங்கு. 23 பேர் இறந்தார்கள், 454 பேர் காயமடைந்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் வெடித்து 13 பேர் போனார்கள். அந்தத் தேதியைத்தான் 1997 முதல் பிள்ளைகள் வண்ண உடுப்போடு கொண்டாடுகிறார்கள்.

கட்டடங்களில் தீ எச்சரிக்கைக் கருவிகளைச் சோதிப்பது என் வேலை. ஃபயர் டிரில் அன்று பாதிப் பேர் கையில் கோப்பியோடு சிரித்துப் பேசிக்கொண்டே படியிறங்குவார்கள். அதில் தப்பில்லை, இறங்கிப் பழகுவதே நல்லதுதான். ஆனால் படிக்கட்டில் புகை நிறைந்தால் என்ன ஆகும் என்று ஒருமுறை விளக்கிவிட்டால், அடுத்த டிரில்லில் அதே ஆட்கள் வேறு மாதிரி இறங்குகிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் அவளிடம் சொன்னேன். ஊர்வலத்தை, ஊரடங்கை, இறந்தவர்களை. கடைசியில் அந்தப் பேருந்தையும்.

"நீங்க ஏன் மாமா சிரிச்சீங்க?"

"சிரிக்கலைன்னா அப்புறம் யாரும் பேசமாட்டாங்கன்னு பயம்."

கொஞ்ச நேரம் கையில் இருந்த பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். "எங்க கிளாஸ்ல மியன்மார் பையன் ஒருத்தன் இருக்கான். அவன் பேசுற மாதிரியே பேசிக் காட்டுவாங்க. நானும் சிரிச்சிருக்கேன்."

திட்டவில்லை. திட்டும் தகுதி எனக்கு இல்லை. அவன் பெயர் என்ன என்று மட்டும் கேட்டேன். சொன்னாள். சரியாகத்தான் சொல்கிறாளா என்று அவளுக்கே சந்தேகம்.

"நாளைக்கு அவன்கிட்டயே கேட்டுட்டு வர்றேன்" என்றாள்.